கம்பெனி சொன்னது 21, மீட்டர் காட்டுறது 17.6, கைக்கணக்குல ஒரு தடவை 14 ஒரு தடவை 19: எந்த மைலேஜை நம்புறது?

நீங்க கேட்டதை ஒரு தடவை திருப்பி சொல்லிடறேன், சரியா புரிஞ்சிருக்கேனான்னு பாத்துக்கோங்க. 1200 சிசி பெட்ரோல் கார், வாங்கி ஆறு மாசம் ஆகுது, கம்பெனி லிட்டருக்கு 21 கிலோமீட்டர்னு சொன்னாங்க, டாஷ்போர்டுல ஆவரேஜ் 17.6 காட்டுது, நீங்களே பெட்ரோல் போட்டு கணக்கு பாத்தா மூணு தடவைல 18, 14, 19.4ன்னு வருது, எது உண்மை, வண்டில கோளாறா, இல்ல பங்க்ல அளவு குறையுதான்னு கேட்டிருக்கீங்க. பாக்க மூணு நாலு கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இருக்கறது ஒண்ணுதான்: இந்த நம்பர்ல எவ்வளவு தப்பு தானா வரும், அதை மீறி எவ்வளவு வித்தியாசம் வந்தா கவலைப்படணும்? நான் பல வருஷம் இன்ஜின் டெஸ்டிங்ல இருந்துட்டு அப்புறம் மைலேஜ் வரலைன்னு வர்ற வண்டிகளைப் பாக்குற வேலைல இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல உங்க மூணு கணக்கையே எடுத்துக்கலாம், நல்லவேளை நீங்க லிட்டரும் கிலோமீட்டரும் தனித்தனியா குறிச்சு வெச்சிருக்கீங்க, பாதி பேர் அதைக்கூட செய்றதில்ல. முதல் தடவை 171 கிலோமீட்டர் ஓட்டி 9.5 லிட்டர் போட்டீங்க, அது 18. ரெண்டாவது 174 ஓட்டி 12.4 லிட்டர், அது 14. மூணாவது 196 ஓட்டி 10.1 லிட்டர், அது 19.4. இதை மூணையும் கூட்டி மூணால வகுத்து ஆவரேஜ் 17.1ன்னு எழுதியிருக்கீங்க, அந்த வகுத்தல் தப்பு. மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால வகுக்கணும்: 541 கிலோமீட்டர், 32 லிட்டர், அதாவது 16.9. இங்க வித்தியாசம் சின்னதா இருக்கறதால பரவாயில்லைன்னு தோணும், ஆனா 200 கிலோமீட்டர் ஹைவேல 20ம் 200 கிலோமீட்டர் டவுன்ல 10ம் குடுத்த வண்டிக்கு ஆவரேஜ் 15 இல்ல, 10 லிட்டரும் 20 லிட்டரும் சேர்ந்து 30 லிட்டர் குடிச்சு 400 கிலோமீட்டர் ஓடியிருக்கு, 13.3தான். மைலேஜ் நம்பர்களை நேரடியா ஆவரேஜ் எடுத்தா பெரும்பாலும் நமக்குப் பிடிச்ச பக்கமாவே தப்பு வரும், அதான் யாரும் கண்டுபிடிக்கறதில்ல.

சரி, அந்த 14 எங்கிருந்து வந்துச்சு? வண்டி மூணு தடவையும் ஒரே மாதிரி 16.9தான் குடுத்துச்சுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். அப்போ முதல் 171 கிலோமீட்டருக்கு 10.1 லிட்டர் செலவாகியிருக்கணும், நீங்க போட்டது 9.5, அதாவது டேங்க் முன்னால இருந்ததை விட 0.6 லிட்டர் குறைவா நின்னிருக்கு. ரெண்டாவது 174க்கு 10.3 செலவு, போட்டது 12.4, பழைய 0.6 குறையும் நிரம்பி அதுக்கு மேல 1.5 லிட்டர் கூடுதலா உள்ள போயிருக்கு. மூணாவது 196க்கு 11.6 செலவு, போட்டது 10.1, அந்த 1.5 கூடுதல் இங்க கழிஞ்சு கணக்கு சுத்தமா சரியாயிடுது. அதாவது 14ன்னும் 19.4ன்னும் நீங்க பயந்ததுக்கும் சந்தோஷப்பட்டதுக்கும் கார் எதுவும் செஞ்சிருக்க வேண்டியதே இல்ல, டேங்க் நிரம்பின மட்டம் ரெண்டு லிட்டர் அளவுக்கு மேலயும் கீழயும் ஆடினாலே போதும். இப்படித்தான் நடந்துச்சுன்னு உங்க பில்லை வெச்சு நிரூபிக்க முடியாது, ரெண்டாவது வாரம் நிஜமாவே ட்ராஃபிக்ல அதிகம் நின்னிருக்கலாம், ஆனா இப்படி நடக்கறதுக்கு வாய்ப்பு ரொம்ப சாதாரணம்.

ஏன் சாதாரணம்ங்கறேன்னா, ஃபுல் டேங்க்ங்கறது நாம நினைக்கற மாதிரி ஒரு கோடு இல்ல. பெட்ரோல் போடற கன் முனையில ஒரு சின்ன துளை இருக்கும், பெட்ரோலோ நுரையோ அந்தத் துளையை மூடினா உள்ள காத்து இழுக்கறது நின்னு டக்குனு கட்டாகும். வேகமா போட்டா நுரை சீக்கிரம் எழும்பி முன்னாடியே கட்டாகும், மெதுவா போட்டா அதிகம் போகும், வண்டி ஒரு பக்கம் சாய்ஞ்சு நின்னா மட்டம் மாறும், கன்னை எவ்வளவு ஆழமா சொருகியிருக்காங்கங்கறதும் மாத்தும். அதுக்கப்புறம் நம்ம ஆளு ரவுண்டா போட்டுடுங்கன்னு சொல்வாரு, கட்டானதுக்கு மேல விட்டு விட்டு அமுக்கி இன்னும் ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் ஏத்துவாங்க. அந்த இடம் பெட்ரோல் சூட்டுல விரியறதுக்கும் ஆவிக்கும் விட்ட இடம், அங்க இருந்து ஆவி போற குழாய்ல கரி நிரப்பின ஒரு டப்பா இருக்கு, அதுக்குள்ள திரவமா பெட்ரோல் போனா கெட்டுப் போகும், அதை மாத்த காசு ஆகும். அதனால முதல் கட்லயே நிறுத்துங்க, கணக்குக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது. முடிஞ்சா அதே பங்க்ல அதே பம்ப்ல அதே பக்கமா நிறுத்தி போடுங்க.

இன்னொரு விஷயம், பத்து லிட்டர் செலவானவுடனே ஃபுல் பண்ணி கணக்கு பாத்தா ஒரு லிட்டர் ஆட்டம் பத்து சதவீதம் தப்பா வந்து நிக்கும், அதே ஆட்டம் 40 லிட்டர்ல ரெண்டரை சதவீதம், 200 லிட்டர் சேர்ந்த கணக்குல அரை சதவீதம். அதனால தடவைக்குத் தடவை வர்ற மைலேஜை பாத்து மனசை குழப்பிக்காம, முதல் ஃபுல் டேங்க் அன்னைக்கு ஓடோமீட்டர் எவ்வளவுன்னு குறிச்சுட்டு அதுக்கப்புறம் போடுற ஒவ்வொரு லிட்டரையும் கூட்டிக்கிட்டே வாங்க, நடுவுல அரைகுறையா 5 லிட்டர் 8 லிட்டர் போட்டாலும் பரவாயில்ல, கூட்டலை விடாம இருந்து கடைசில ஒரு தடவை மறுபடி ஃபுல் பண்ணினா போதும். ஆரம்பத்துல டேங்க்ல இருந்த பெட்ரோலை கணக்குல சேர்க்காதீங்க, முதல் ஃபுல் பண்ணினப்ப போட்ட லிட்டரையும் சேர்க்காதீங்க, அது அதுக்கு முன்னாடி ஓட்டினதோட செலவு. இந்த ஒரு இடத்துல தடுமாறறவங்க நிறைய. முள்ளை பாத்து அரை டேங்க் கால் டேங்க்னு போடுற கணக்கை விட்டுடுங்க, அது உள்ள மிதக்கற ஒரு மிதவையோட உயரம், டேங்க் ஒழுங்கில்லாத வடிவத்துல இருக்கறதால மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே லிட்டரா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

டாஷ்போர்டு 17.6க்கு வருவோம். அந்த கம்ப்யூட்டர் டேங்க்கை பாக்கறதே இல்ல, இன்ஜினுக்குள்ள பெட்ரோலைப் பீச்சற இன்ஜெக்டர் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சுன்னு கூட்டி, அதை இன்ஜெக்டர் விடற அளவால பெருக்கி, இவ்வளவு பெட்ரோல் போயிருக்கும்னு ஒரு மதிப்பீடு பண்ணுது. நல்ல மதிப்பீடுதான், ஆனா மதிப்பீடு. உங்க கைக்கணக்கு 16.9, மீட்டர் 17.6, வித்தியாசம் நாலு சதவீதம், அதுவும் மீட்டர் கொஞ்சம் தாராளமா காட்டுது, நான் பாத்த வண்டிகள்ல இது வழக்கமான திசை, வழக்கமான அளவு. இதுக்காக சர்வீஸ்ல சண்டை போட வேண்டாம். இந்த மீட்டருக்கு வேற ஒரு உபயோகம் இருக்கு: எவ்வளவு தப்பா காட்டினாலும் ஒரே மாதிரி தப்பா காட்டும், அதனால நேத்து 17.6 காட்டின வண்டி ஒரு மாசமா 15.5 காட்டுதுன்னா ஏதோ மாறியிருக்கு. ரீசெட் பண்ணி ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஐயோ 9தான் காட்டுதுன்னு போட்டோ போடாதீங்க, குளிர்ந்த இன்ஜின்ல எல்லா வண்டியும் அப்படித்தான் காட்டும்.

கிலோமீட்டர் பக்கமும் ஒரு சின்ன ஆட்டம் இருக்கு, அதை சொல்லாம விட்டா கணக்கு முழுசாகாது. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தை விட குறைவா காட்டவே கூடாதுன்னு பல நாடுகள்ல விதி, அதனால கம்பெனிக்காரங்க கொஞ்சம் கூட்டியே காட்ட வெப்பாங்க, ஆனா ஓடோமீட்டர் அந்தக் கூட்டலை எடுத்துக்காது, அது பெரும்பாலும் நல்லாவே சரியா இருக்கும். அதை மாத்தறது டயர்தான். ஆரம் 300 மில்லிமீட்டர் இருக்கற சக்கரத்துல ரப்பர் 6 மில்லிமீட்டர் தேஞ்சா சுற்றளவு ரெண்டு சதவீதம் குறையும், அதே ரோட்டுக்கு சக்கரம் ரெண்டு சதவீதம் அதிகம் சுத்தும், ஓடோமீட்டரும் அவ்வளவு அதிகம் காட்டும். புது டயர் போட்டவுடனே மைலேஜ் குறைஞ்சுடுச்சுன்னு சொல்றவங்க புகார்ல ஒரு பங்கு இந்தக் கணக்குதான், இன்னொரு பங்கு நிஜம், புது டயர்ல ரப்பர் தடிமனா இருக்கறதால உருள்றதுக்கு கொஞ்சம் அதிக சக்தி கேக்கும்.

இப்போ 21. அது பொய் இல்ல, ஆனா உங்க ரோட்டுல எடுத்ததும் இல்ல. லேப்ல வண்டியை ரோலர் மேல ஏத்தி, எந்த விநாடில எந்த வேகத்துல இருக்கணும்னு முன்கூட்டியே எழுதி வெச்ச ஒரு அட்டவணைப்படி ஓட்டுவாங்க, சைலன்சர்ல வர்ற புகையைப் பிடிச்சு அதுல இருக்கற கார்பனை அளந்து எவ்வளவு பெட்ரோல் எரிஞ்சதுன்னு கண்டுபிடிப்பாங்க. ஐரோப்பால முன்னாடி இருந்த என்இடிசி சோதனை 11 கிலோமீட்டர், இருபது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும், மெதுமெதுவா வேகம் ஏத்தும், நிஜ வாழ்க்கைல யாரும் அப்படி ஓட்டறதில்ல. அதோட குறை தெரிஞ்சுதான் 2017லேர்ந்து டபிள்யூஎல்டிபின்னு மாத்தினாங்க, அது 23 கிலோமீட்டர், அரை மணி நேரம், அதிகபட்ச வேகம் 131, கொஞ்சம் நிஜத்துக்குப் பக்கத்துல வந்துச்சு, ஆனா அதுலயும் ஏசி ஆஃப்தான். அமெரிக்கால 2008 மாடல்லேர்ந்து அதிவேகம், ஏசி, குளிர் இதுக்கெல்லாம் தனி சோதனை சேர்த்து, புது கார்ல ஒட்டற ஸ்டிக்கர்ல வர்ற மைலேஜ் நம்பரையே குறைச்சாங்க. ஒரே காருக்கு மூணு இடத்துல மூணு நம்பர் வரும், மூணும் சரி. இந்த நம்பருக்கு ஒரே உபயோகம், ஒரே சோதனைல எடுத்த ரெண்டு காரை ஒப்பிட்டுப் பாக்கறது.

21 ஏன் லேப்ல வருது உங்களுக்கு ஏன் வரலைங்கறதை வெறும் வாய்ல சொல்லாம கணக்காவே போட்டுக் காட்டறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. 1200 கிலோ கார், சமதளம், காத்து இல்லாத நாள்னு வைங்க. டயர் உருள்றதுக்கு எதிரா ஏறக்குறைய 120 நியூட்டன் தடை, இது வேகத்தைப் பொறுத்து பெருசா மாறாது. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், இந்த சைஸ் காருக்கு 60ல ஏறக்குறைய 117 நியூட்டன், 90ல 260, 120ல 467. அதாவது 60ல டயரும் காத்தும் சரிபாதி, 120ல காத்து மட்டுமே டயரை விட நாலு மடங்கு. 90ல மொத்தம் 380 நியூட்டன், 100 கிலோமீட்டர் தள்ள 38 மெகாஜூல் சக்கரத்துல வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல்ல ஏறக்குறைய 32 மெகாஜூல் இருக்கு, ஆனா இன்ஜின் அதுல முக்கால் பங்கை சூடா வெளிய விட்டுடும், சக்கரத்துக்கு 8 வந்து சேருதுன்னா 4.75 லிட்டர், அதாவது லிட்டருக்கு 21. உங்க கம்பெனி நம்பரோட ஒத்துப் போனது தற்செயல்தான், ஆனா அளவு எப்படி வருதுன்னு புரியும். 120ல அதே கணக்கு போட்டா 587 நியூட்டன், 14க்குப் பக்கத்துல இறங்கிடும். நிஜத்துல அந்த வேகத்துல இன்ஜின் கொஞ்சம் நல்லா வேலை செய்யும், அதனால 15 வரைக்கும் வரலாம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

டவுன்ல கதை வேற, அங்க காத்து விஷயமே இல்ல, பிரேக்தான். 50 கிலோமீட்டர் வேகத்துல இருக்கற அதே காருக்குள்ள 116 கிலோஜூல் இயக்க சக்தி இருக்கு, பிரேக்கை அமுக்கி நிறுத்தினா அது முழுக்க டிஸ்க்குல சூடா போகும், மறுபடி அதே வேகத்துக்கு கொண்டு வர ஏறக்குறைய 14, 15 மில்லி பெட்ரோல். ஒரு டீஸ்பூன் மூணு பிடிச்சா எவ்வளவோ அவ்வளவு. ஒரு கிலோமீட்டருக்கு ரெண்டு தடவை அப்படி நின்னு கிளம்பினா 100 கிலோமீட்டருக்கு 200 தடவை, கிட்டத்தட்ட 3 லிட்டர் பிரேக்குக்கே போச்சு. இதுக்கு மேல சிக்னல்ல இன்ஜின் ஓடிக்கிட்டு நிக்கற நேரம், இந்த சைஸ் இன்ஜின் சும்மா நின்னா மணிக்கு அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் நடுவுல குடிக்கும், பத்து நிமிஷம் நின்னா ரெண்டு கிலோமீட்டர் ஓட வேண்டிய பெட்ரோல் போயிடும், ஓடோமீட்டரோ நகரவே நகராது. ஹைப்ரிட் கார் டவுன்ல ஏன் ஜெயிக்குதுன்னா இந்த ரெண்டையும்தான் அது மிச்சம் பிடிக்குது, பிரேக் சக்தில கொஞ்சம் பேட்டரிக்குப் போகுது, நிக்கும்போது இன்ஜின் ஆஃப். நேர் ஹைவேல அதுக்கு அந்த அளவுக்கு லாபம் இல்லாததும் இதனாலதான்.

நீங்க தினமும் எவ்வளவு தூரம் ஒரே மூச்சுல ஓட்டறீங்கன்னு எழுதலை, அதுதான் எனக்கு முக்கியமா தேவைப்படற தகவல். நாலஞ்சு கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி நாலஞ்சுன்னு ஓட்டினா இன்ஜின் சூடாகவே ஆகாது, குளிர்ந்த இன்ஜினுக்கு கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாவே கலக்கும், ஆயிலும் கெட்டியா இருந்து உராய்வு கூடும். அந்த ஓட்டத்துக்கு 14 வந்தா நான் வண்டியை சந்தேகப்படவே மாட்டேன்.

மைலேஜை கிலோமீட்டர் பெர் லிட்டர்னு பாக்கறதுலயே ஒரு கண்கட்டு இருக்கு, அதையும் சொல்லிடறேன். 10 குடுக்கற வண்டியை 15 ஆக்கினா 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் 6.7 ஆகும், 3.3 லிட்டர் மிச்சம். 20 குடுக்கறதை 25 ஆக்கினா 5 லிட்டர் 4 ஆகும், ஒரே ஒரு லிட்டர்தான் மிச்சம். ரெண்டுமே 5 கூடினதுதான், ஆனா பர்ஸுக்கு ஒண்ணு மூணு மடங்கு. 2008ல ரிச்சர்ட் லாரிக், ஜேக் சோல்னு ரெண்டு பேரு சயின்ஸ் இதழ்ல இதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதினாங்க, கேலனுக்கு எத்தனை மைல்ங்கற கணக்கு ஜனங்களை எப்படி தப்பா யோசிக்க வெக்குதுன்னு. ஐரோப்பால 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு திருப்பிப் போடறாங்க, எனக்கு அதுதான் பிடிக்கும், 100ஐ உங்க மைலேஜால வகுத்தா வந்துடும். உங்க 16.9ங்கறது 5.9 லிட்டர், கம்பெனி 21ங்கறது 4.8, அப்போ நீங்க மல்லுக்கட்டறது 100 கிலோமீட்டருக்கு 1.1 லிட்டருக்காக, அதை பங்க் விலையால பெருக்கிப் பாத்துட்டு எவ்வளவு டென்ஷன் ஆகலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. வெளிநாட்டு வீடியோ பாத்து ஒப்பிடறவங்களுக்கு: அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், ரெண்டும் ஒண்ணு இல்ல, அதே கார் பிரிட்டன்ல இருபது சதவீதம் அதிகம் குடுக்கற மாதிரி தெரியும். டீசல் லிட்டரையும் பெட்ரோல் லிட்டரையும் நேரா ஒப்பிடறதும் சரியில்ல, டீசல் லிட்டருக்கு பத்து சதவீதத்துக்கு மேல சக்தி அதிகம், சிஎன்ஜி கேஸ்ல ஓடற வண்டி கணக்கு கிலோல வரும், அது தனி உலகம்.

மைலேஜ் கூட்ட வழின்னு சுத்தற அறிவுரைகள்ல எது உறுதி எது சந்தேகம்னு பிரிச்சு சொல்றேன். உறுதியானது: வேகத்தைக் குறைக்கறது, முன்னாடி பாத்து ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை சீக்கிரம் எடுக்கறது, டயர்ல காத்து சரியா வெக்கறது, மேல கேரியர் வேண்டாதப்ப கழட்டி வெக்கறது. காலை எடுக்கறதுல ஒரு நுணுக்கம், கியர்லயே விட்டு காலை எடுத்தா சக்கரமே இன்ஜினை சுத்தும், இன்ஜெக்டர் மொத்தமா மூடிடும், பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரல் போட்டா இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்க பெட்ரோல் குடிக்கும், பிரேக்குக்கு இன்ஜின் உதவியும் போயிடும். நியூட்ரல்ல வண்டி தூரமா உருளும்ங்கறது நிஜம்தான், சமதளத்துல யாராவது அதை வெச்சு வாதாடலாம், ஆனா இறக்கத்துல அதை செய்யாதீங்க, அது ஆபத்து. உறுதியா பொய்னு சொல்லக்கூடியது: காலைல குளிர்ச்சியா இருக்கும்போது போட்டா அதிகம் கிடைக்கும்ங்கறது. பெட்ரோல் 10 டிகிரிக்கு ஒரு சதவீதம் விரியும், அது சரி, ஆனா பங்க் டேங்க் பூமிக்கு அடியில இருக்கு, காலைக்கும் மத்தியானத்துக்கும் அங்க சூடு மாறறதே சொற்பம். அதே மாதிரி சாதா பெட்ரோலுக்கு வடிவமைச்ச இன்ஜினுக்கு அதிக ஆக்டேன் போட்டா மைலேஜ் ஏறாது, ஆக்டேன்ங்கறது தட்டல் வராம, அதாவது இன்ஜின்ல பெட்ரோல் தானா வெடிக்காம தாங்கற அளவு, சக்தி அளவு இல்ல.

ஏர் ஃபில்டர் விஷயத்துல பழைய ஆட்கள் சொல்றது கார்புரேட்டர் காலத்துக்கு சரி. இன்ஜெக்ஷன் வண்டில காத்து குறைஞ்சா கம்ப்யூட்டர் பெட்ரோலையும் சேர்த்துக் குறைச்சுடும், அமெரிக்கால ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009ல அடைச்ச ஃபில்டரோட சோதிச்சுப் பாத்துச்சு, மைலேஜ் கணிசமா மாறலை, இழுவைதான் குறைஞ்சுது. ஃபில்டரை மாத்துங்க, ஆனா அதுல மைலேஜை எதிர்பாக்காதீங்க. எத்தனால் கலப்பைப் பொறுத்தவரை எத்தனால்ல லிட்டருக்கு பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி குறைவு, பத்து சதவீதம் கலந்தா மூணு சதவீதமும் இருபது கலந்தா ஆறு ஏழு சதவீதமும் காகிதக் கணக்குல இறங்கணும், அதுக்கேத்த மாதிரி டியூன் பண்ணின இன்ஜின்ல அதுல கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம், எவ்வளவுங்கறது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். ஏசியா கண்ணாடி இறக்கறதாங்கற சண்டைல பொதுவா ஒரு வேகத்தைச் சொல்லி அதுக்கு மேல இது அதுக்கு கீழ அதுன்னு கோடு போடறவங்களை நம்பாதீங்க, காரோட வடிவம், வெளிய இருக்கற சூடு எல்லாம் பொறுத்தது. டவுன்ல மெதுவா போகும்போது ஏசியோட பங்கு சதவீதத்துல பெருசா தெரியும், ஹைவேல அது மத்த செலவுல கரைஞ்சுடும், அவ்வளவுதான் உறுதி.

பங்க்ல அளவு குறைக்கறாங்களான்னு கேட்டீங்க. பம்ப் மீட்டருக்கு சர்வதேச அளவுல அனுமதிக்கற தவறு அரை சதவீதம், ஒழுங்கா முத்திரை வெச்ச பம்ப்ல 10 லிட்டருக்கு 50 மில்லி. உங்க 14ஐ அது விளக்கவே முடியாது. சந்தேகம் இருந்தா முத்திரை போட்ட அளவுப் பாத்திரத்துல ஊத்திக் காட்டச் சொல்லலாம், மைலேஜை வெச்சு பங்க்கைப் பிடிக்கப் பாக்கறது மட்டும் வேண்டாம், மைலேஜ்ல இருக்கற ஆட்டம் அவங்க திருடக்கூடிய அளவை விடப் பெருசு.

வண்டில கோளாறா? நீங்க குடுத்த நம்பர்ல அப்படி எதுவும் தெரியலை, 21 சொன்ன பெட்ரோல் கார் கலப்பு ஓட்டத்துல 16.9 குடுக்கறது எனக்கு ஆச்சரியமா இல்ல. ஆனா இந்த எழுத்தை வெச்சு ஒரு காரை ஓகேன்னு சொல்றது சரியான வேலையும் இல்ல, அதனால நீங்களே பாக்கக்கூடியதை சொல்றேன். டயர் ஆறியிருக்கும்போது காத்து பாருங்க, டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எழுதின அளவு வேணும், டயர் பக்கவாட்டுல இருக்கற அதிகபட்ச அளவு இல்ல. பிரேக் அதிகம் போடாம பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்துல கையைக் கொண்டு போங்க, தொடாதீங்க, ஒண்ணு மட்டும் மத்ததை விட தெளிவா சூடா அடிச்சா அந்த பிரேக் ஒட்டிக்கிட்டு ஓடுது. ஹைவேல கூட டெம்பரேச்சர் நடுவுக்கு வரவே இல்லைன்னா இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே மாட்டிக்கிட்டிருக்கலாம், இன்ஜின் எப்பவும் குளிர்ந்த கணக்குலயே பெட்ரோல் கேக்கும். இன்ஜின் லைட் எரிஞ்சா ஸ்கேன் பண்ணுங்க, ஆக்சிஜன் சென்சார் கெட்டா மைலேஜ் நிஜமாவே நல்லா அடி வாங்கும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரத்துல மட்டும் தேஞ்சாலோ வீல் அலைன்மென்ட் பாருங்க. இது எதுவும் இல்லாம, அதே ரோட்டுல அதே சீசன்ல பல டேங்க் சேர்ந்த கணக்கு பழைய கணக்கை விட பத்து பதினஞ்சு சதவீதம் கீழ போய் அங்கேயே நின்னா அப்போ ஆள்கிட்ட காட்டுங்க, அதுக்கு முன்னாடி காட்டினா யாரு பாத்தாலும் இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணி பில் போடறதைத் தவிர வேற எதுவும் நடக்காது.

இப்போதைக்கு இதைச் செய்யுங்க. அடுத்த தடவை முதல் கட் வரைக்கும் ஃபுல் பண்ணி ஓடோமீட்டரை குறிச்சுக்கோங்க, மீட்டர் ஆவரேஜை அதே இடத்துல ரீசெட் பண்ணுங்க, ஒரு 1500 கிலோமீட்டர் வரைக்கும் போடற லிட்டரையெல்லாம் பில்லோட சேர்த்து வைங்க, கடைசில அதே பம்ப்ல மறுபடி முதல் கட் வரைக்கும். மொத்த கிலோமீட்டர், மொத்த லிட்டர், அந்த சமயத்துல மீட்டர் காட்டின ஆவரேஜ், டயர் பிரஷர், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினா சராசரியா எவ்வளவு தூரம் ஓட்டறீங்க, இது அஞ்சையும் இதே கேள்விக்குக் கீழ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.